மலையகப் புல்லுக்கு ஏற்ற மாடு எது?

ஆடி மாத மழையில் பொகவந்தலாவப் பக்கம் ஒரு தலைச்சுமைப் புல்லை நிறுத்துப் பார்த்தால் இருபத்தைந்து கிலோ வரும். பார்க்கப் பெரிய கட்டுதான். ஆனால் அந்தப் புல்லை வெயிலில் காயவைத்து மறுபடி நிறுத்தால் நாலு கிலோகூடத் தேறாது. மற்றதெல்லாம் தண்ணீர். மாட்டின் உடம்பில் ஒட்டுவதும், மடியில் பாலாக இறங்குவதும் அந்த நாலு கிலோவிலிருந்துதான்.

மலையகத்தில் எந்த மாடு வளர்க்கலாம் என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் இந்தத் தலைச்சுமையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாமோ பெரும்பாலும் குளிரிலிருந்து தொடங்குகிறோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம்; ஹட்டன் 1,270 மீற்றர் அளவில் இருக்கிறது. சீமை மாட்டுக்கு இதைவிட நல்ல சீதோஷ்ணம் இலங்கையில் வேறெங்கும் இல்லை. ஆகவே சீமையில் உள்ளதிலேயே பெரிய மாட்டைக் கொண்டுவந்து கட்டினால் பால் கொட்டும் என்று எண்ணிவிட்டோம். குளிர் சரிதான். அந்த மாட்டின் வயிற்றுக்குப் புல் எங்கே?

கணக்கைப் பாருங்கள். ஒரு மாடு தன் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு உலர்ந்த தீனி தின்ன வேண்டும். 600 கிலோ எடையுள்ள ஹொல்ஸ்டீன் பிரீசியன் பசுவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 18 கிலோ. மழைக்காலப் புல்லாகச் சொன்னால் 100 கிலோவுக்குக் குறையாது, நாலைந்து தலைச்சுமை. 350 கிலோ எடையுள்ள ஜேர்சிக் கலப்புப் பசுவுக்கு 60, 70 கிலோ போதும். இரண்டரை, மூன்று சுமை. காலையில் பிரட்டுக்களத்துக்குப் போய், மலையில் கொழுந்தெடுத்து, நிறுவையெல்லாம் முடிந்து லயத்துக்கு வரும் பெண்மணி, அதன்பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்கும் ரோட்டோரத்துக்கும் புல்லறுக்கப் போகிறார். அவரால் இரண்டு சுமை கொண்டுவர முடியும். பிள்ளைகள் உதவினால் மூன்று. ஐந்தாவது சுமை எந்த வீட்டிலும் வருவதில்லை. பெரிய பசு அந்த வீட்டில் என்றும் அரை வயிற்றோடுதான் படுக்கிறது.

அரை வயிற்றுப் பசு பாலை நிறுத்திவிடாது; அங்கேதான் சிக்கல். அதிகம் கறப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த இனம், தீனி குறைந்தாலும் தன் உடம்பைக் கரைத்துக் கறக்கும். முதுகெலும்பு துருத்தும், இடுப்பெலும்பு கூர்மையாகும், பால் மட்டும் சில மாதம் ஓடும். பிறகு பருவத்துக்கு வராது. சினை ஊசி போட்டாலும் கரு நிற்காது. ஒரு வருஷம் வீணாகும்; இரண்டாவது வருஷமும் வீணானால் வியாபாரி வந்து அடிமாட்டு விலை பேசுவார். அயல் வீட்டார் மாடு மலடு என்பார்கள். மாடு மலடில்லை, பசியில் இருந்தது.

கப்பலில் வந்த மாடுகள்

பெரிய மாட்டின் மீதான ஆசை மலைநாட்டுக்குப் புதிதில்லை. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உண்டாக்கிவிட எண்ணி ஆட்களையும் கருவிகளையும் கப்பலேற்றினார். டர்ஹம், ஹியர்ஃபோர்ட் கலப்புக் காளை ஒன்று, நல்ல டர்ஹம் பசு ஒன்று, மூன்று இனத்துச் செம்மறிக் கடாக்கள் என்று கால்நடைகளும் கூட வந்தன. இங்கிலாந்தின் கொழுத்த புல்வெளியில் வளர்ந்த இனங்கள் அவை. தொடக்கத்திலேயே அவர் பல கால்நடைகளைப் பறிகொடுத்தார். அன்றைய நுவரெலியாப் பத்தனைப் புல்லில் அந்த மாடுகளுக்கு வேண்டிய சத்து இருக்கவில்லை என்பதை அவரே பட்டுத் தெரிந்துகொண்டு, நிலத்துக்கு எரு போடுவதைப் பற்றி நிறைய எழுதினார்.

அதன்பின் கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் துரைமார் பங்களாவுக்குப் பாலுக்கும், தோட்டத்துக்கு எருவுக்கும் மாட்டுப்பட்டிகள் வைத்தார்கள். சீமை மாடும் நாட்டு மாடும் கலந்தன. இலங்கையின் மாட்டு வகைப் பட்டியல்களில் ‘ஹட்டன்’ என்றே ஒரு பெயர் இருக்கிறது. இந்த மலையின் பெயரைத் தாங்கிய ஒரு மாட்டு வகை. இன்று ஹட்டன் நகரில் போய்க் கேட்டால் அப்படி ஒன்று இருந்ததை அறிந்தவர்கள் கிடைப்பது கடினம். மலையகத் தமிழர் கையால் புல் தின்று, அவர்கள் கட்டிய பட்டியில் வளர்ந்து உருவான மாடு அது. அதைக் காப்பாற்ற யாருக்கும் தோன்றாமல் போனது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

அண்மைக் காலக் கதை பலருக்கும் நினைவிருக்கும். பால்மா இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்று அரசாங்கம் 2012இல் அவுஸ்திரேலியாவிலிருந்து சுமார் 2,000 சினைக் கிடேரிகளை வரவழைத்தது. அவை தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் டயகம, போபத்தலாவ, மெனிக்பாலம பண்ணைகளுக்கு வந்தன. அதற்குப் பிறகு 20,000 மாடுகளைக் கொண்டுவந்து தனியார் பண்ணையாளர்களுக்குக் கொடுக்கும் திட்டம் போடப்பட்டது. 2017இல் முதல் 5,000 வந்தன. நோய், கருச்சிதைவு, எதிர்பார்த்த பால் இல்லை என்று பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். கடன்பட்டு நொடித்தவர்களும் உண்டு. அரச கணக்காய்வும் அத்திட்டத்தை ஆராய்ந்து குறைகளைச் சுட்டியது. மிச்சம் 15,000 மாடுகள் வரவேயில்லை.

அந்த மாடுகள் வரும்போதே நோயோடு வந்தனவா, இங்கே பராமரிப்புப் போதவில்லையா என்று இரு பக்கமும் வாதிட்டன. இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சமமான மேய்ச்சல் வெளியில் வேண்டிய அளவு மேய்ந்து, மேலதிகமாகத் தானியமும் தின்று பழகிய கிடேரியை, செங்குத்து மலையில் ரோட்டோரப் புல்லை நம்பி வாழும் ஒரு நாட்டுக்குக் கொண்டுவரும்போது, அதன் வயிற்றை யார் அளந்து பார்த்தார்கள்?

அம்பேவெலப் பெரும் பண்ணையின் நிலைமை வேறு. அங்கே கிக்கியுப் புல் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கிறது. கென்யாவின் மலைநாட்டிலிருந்து உலகெங்கும் பரவிய புல் அது. குளிரிலும் மிதியிலும் சாகாது. வெளிகளைப் பிரித்து, மாற்றி மாற்றி மேய விட நிலம் இருக்கிறது. அடர்தீவனம் வாங்கப் பணம் இருக்கிறது. அம்பேவெலப் பண்ணையைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாட்டை லயத்துப் பட்டியில் கட்ட ஆசைப்படுவதில்தான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன.

எந்த இனம்?

உலகத்தில் புல்லை மட்டும் நம்பி மாடு வளர்க்கிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்: நடுத்தர உடம்பு, ஆழமான விலா, அகன்ற வாய், குட்டைக் கால், கெட்டியான குளம்பு, வருஷம் தவறாமல் கன்று. நியூசிலாந்துக்காரர்கள் பிரீசியனையும் ஜேர்சியையும் கலந்து, தம் மேய்ச்சல் நிலத்துக்கு ஏற்ற அடக்கமான மாட்டை உண்டாக்கிக்கொண்டார்கள். அவுஸ்திரேலியாவில் ட்ராங்கி ஆராய்ச்சி நிலையத்தில் 1974 முதல் ஆங்கஸ் மாடுகளை வேகமாக வளர்பவை, மெதுவாக வளர்பவை என்று பிரித்து வளர்த்து ஒப்பிட்டார்கள். மெதுவாக வளர்ந்த கூட்டத்திலிருந்து ‘லோலைன்’ என்ற சிறிய இனமே பிறந்தது. சிறிய நிலக்காரர்கள் அதைத் தேடி வாங்கினார்கள்.

தென்னாபிரிக்காவில் யான் பொன்ஸ்மா செய்த வேலையை மலையகத்தில் மாடு வளர்க்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். சீமை மாடுகள் அந்த நாட்டு வெயிலில் தேய்ந்துபோவதைக் கண்ட அவர், 1937 முதல் மாரா ஆராய்ச்சி நிலையத்தில் மாடுகளின் உடல் வெப்பத்தையும் எடையையும் ரோமத்தையும் கன்று ஈனும் இடைவெளியையும் அளந்து அளந்து குறித்துவந்தார். உள்ளூர் ஆப்பிரிக்கானர் எட்டில் ஐந்து பங்கு, ஹியர்ஃபோர்ட், ஷோர்ட்ஹோர்ன் சேர்ந்து எட்டில் மூன்று பங்கு என்று ஒரு கலப்பில் வந்து நின்றார். அதுதான் ‘பொன்ஸ்மரா’. அந்த நாட்டின் முதன்மையான இறைச்சி இனங்களில் அதுவும் ஒன்று. இதே வேலையை நமக்குப் பக்கத்தில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மூணாறுக்கு அருகே மாட்டுப்பட்டி என்ற ஊரில், 1963இல் தொடங்கிய இந்திய சுவிஸ் திட்டம் செய்தது. கேரளத்துச் சிறு பசுக்களோடு சுவிட்சர்லாந்தின் பிரவுன் சுவிஸைக் கலந்து, பிறகு ஜேர்சி, பிரீசியன் இரத்தமும் சேர்த்து ‘சுனந்தினி’யை உண்டாக்கினார்கள். சிறு வீட்டுக்காரர் கட்டித் தீனி போடும் பசுவாகவே அது திட்டமிடப்பட்டது. நம்மைப் போலவே தேயிலை, நம்மைப் போலவே லயம், நம்மைப் போலவே தலைச்சுமைப் புல். அவர்களால் முடிந்தது.

மலையகத்துக்கு என் தீர்ப்பு இது. நுவரெலியா, அக்கரபத்தனை, கொட்டகலை, தலவாக்கலை, ஹட்டன், பொகவந்தலாவ உயரங்களில், லயத்துப் பட்டியில் கட்டி வளர்க்கும் குடும்பத்துக்கு ஜேர்சிக் கலப்பும் அயர்ஷயர் கலப்பும்தான் பொருத்தம். ஜேர்சி தின்னும் புல்லுக்குத் தரும் பால் கொழுப்பு மிகுந்தது. நூற்றுக்கு ஐந்து வரை ஏறும். பால் சேகரிப்பு நிலையத்தில் விலை போடுவது கொழுப்பையும் மற்றத் திண்மப் பொருளையும் பார்த்துத்தான். பிரீசியனின் பத்து லீட்டரைவிட ஜேர்சிக் கலப்பின் எட்டு லீட்டர் காசில் அதிகம் பின்தங்காது. குளம்பு கறுப்பு, கெட்டி. ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை பட்டி சேறாகக் கிடக்கும் மலையில் குளம்புதான் பாதி உயிர்.

அயர்ஷயரை நம்மவர் மறந்துவிட்டார்கள் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஸ்கொட்லாந்தின் மழையிலும் கரடுமுரடான புல்லிலும் உருவான மாடு அது. செம்மையும் வெள்ளையும் கலந்த உடம்பு, உறுதியான கால், அழுத்தமான மடி. மலைநாட்டு அரச பண்ணைகளில் ஒருகாலத்தில் அதற்கு நல்ல இடம் இருந்தது. கறுப்பு வெள்ளை மாடுதான் பால் மாடு என்ற எண்ணம் ஊன்றிய பிறகு அது ஒதுங்கிப்போனது. தாழ்நாட்டுக்குச் சஹிவால், அவுஸ்திரேலிய பிரீசியன் சஹிவால் போன்ற வெப்பம் தாங்கும் கலப்புகள் சரி. கண்டிக்குக் கீழே இறங்கினால் அவற்றைப் பற்றிப் பேசலாம். நுவரெலியாக் குளிருக்கு அவை தேவையில்லை.

தையல்காரர் நாடாவால் ஓர் அளவு

மாடு வாங்கும்போது சுழி பார்க்கிற பரம்பரை நாம். சுழியைப் பார்ப்போம்; கூடவே ஒரு தையல்காரர் நாடாவும் கொண்டுபோகலாம். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளக்க வேண்டும். தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் அளக்க வேண்டும். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் எடை இறாத்தலில் வரும். நெஞ்சு 64, நீளம் 55 என்றால் 751 இறாத்தல், 340 கிலோ. இரண்டு, மூன்று சுமைப் புல்லுக்கு அடங்கும் மாடு. நெஞ்சு 76, நீளம் 65 என்றால் 1,250 இறாத்தல் தாண்டும், 568 கிலோ. அந்த மாட்டை வாங்குமுன் நாலாவது சுமையை யார் அறுப்பார்கள் என்று வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டும்.

பிறகு குனிந்து குளம்பிடை பார்க்க வேண்டும்: வெடிப்பு, நாற்றம், வீக்கம் இருக்கிறதா? நாலடி நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். விலாவின் பின்பக்கம், இடப்புறம், அசைபோடும் வயிறு குடமாகத் தொங்குகிறதா, ஒட்டிக் கிடக்கிறதா? வாய் அகன்றதா? மெல்லிய முகமும் நீண்ட காலும் உள்ள மாடு கண்காட்சியில் பரிசு வாங்கும். புல்லில் வாழ்வது அகன்ற வாய்க்காரிதான்.

புல்லையும் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பிறந்த சீ.ஓ.3 புல் இன்று இலங்கை முழுவதும் பரவியிருக்கிறது. நல்ல புல்தான், ஆனால் உயரம் கூடக்கூட அதன் வேகம் குறையும். தேயிலையைப் பிடுங்கி மறுநடுகைக்கு மண்ணைத் தேற்றும்போது தோட்டங்கள் மானா அல்லது குவாட்டமாலாப் புல்லை நட்டு ஒன்றரை, இரண்டு வருஷம் விடுகின்றன. குவாட்டமாலாவை மாடு தின்னும். இளசாக வெட்டினால் பயன், முற்றினால் வெறும் நார். எந்தப் புல்லானாலும் ஆறேழு வாரத்தில் வெட்டிவிட வேண்டும். ஆளுயரம் வளர்ந்த புல் கட்டில் பெரிதாகத் தெரியும், மடியில் தெரியாது. தை, மாசியில் நுவரெலியாவில் உறைபனி விழுந்து புல் கருகும். அந்த இரண்டு மாதத்துக்கும் தீனி எங்கிருந்து வரும் என்பதையும் இனத் தெரிவோடு சேர்த்தே யோசிக்க வேண்டும்.

காளைக்கன்றின் கணக்கு

இறைச்சிக்கு மாடு வளர்ப்பது என்று சொன்னாலே மலையகத்தில் பலர் முகம் சுளிப்பார்கள். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசி மாலை போடும் வீடுகள் இவை. உண்பவர்களும் இங்கே இருக்கிறார்கள், உண்ணாதவர்களும் இருக்கிறார்கள். இரு பக்கத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் பால் குடிக்கிற எல்லோருக்கும் பொதுவான ஓர் உண்மை உண்டு. பசு கன்று போட்டால்தான் பால். பிறக்கும் கன்றுகளில் பாதி காளை. அந்தக் காளைக்கன்றுகள் எங்கே போகின்றன?

கன்றுக்கு நாளொன்றுக்கு நாலு லீட்டர் வீதம் மூன்று மாதம் பாலூட்டினால் 360 லீட்டர். அந்தப் பாலை நிலையத்தில் ஊற்றினால் வரும் காசு, எலும்பும் தோலுமான காளைக்கன்றுக்கு வியாபாரி தரும் விலை, இரண்டில் எது கூட என்று எந்த வீட்டுக்காரிக்கும் தெரியும். ஆகவே காளைக்கன்றுக்குப் பால் குறைகிறது. சில வாரத்தில் சாகிறது, அல்லது சின்ன வயதிலேயே விற்கப்படுகிறது. பசுவை வணங்கும் கைகளே இதைச் செய்ய நேர்வது வறுமையால்தான். கல்நெஞ்சால் என்று யாரும் சொல்லக்கூடாது.

அரசியல் இதை வேறு திசையில் இழுத்தது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை இணங்கியது. இறைச்சி உண்பவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யலாம் என்றும், வயதான மாடுகளுக்கு ஒரு திட்டம் வேண்டும் என்றும் பேசப்பட்டது. 2021இல் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் உள்ளிட்டவற்றைத் திருத்த அமைச்சரவை அனுமதியும் கிடைத்தது. சினை நிற்காத பசுவையும் காளைக்கன்றையும் வைத்திருக்கும் லயத்துக் குடும்பம் அவற்றுக்கு எப்படிப் புல் போடும் என்ற கேள்விக்கு மட்டும் யாரும் விடை சொல்லவில்லை.

இனத் தெரிவு இங்கேயும் உதவும். தூய ஹொல்ஸ்டீன் காளைக்கன்று புல்லில் வளர்ந்தால் முதலில் எலும்பும் உயரமும்தான் வரும். சதையும் கொழுப்பும் பிடிக்க நாளாகும், 500 கிலோவைத் தாண்டினாலும் ஒட்டிய உடம்பாகவே நிற்கும். ஆங்கஸ், ஹியர்ஃபோர்ட் போன்ற இனங்கள் சீக்கிரம் முதிர்பவை. தானியமில்லாமலே சதை பிடிப்பவை. நியூசிலாந்திலும் அயர்லாந்திலும் மாட்டிறைச்சியின் பெரும்பங்கு பால் பண்ணைகளில் பிறந்த கன்றுகளிலிருந்தே வருகிறது. அங்கே நல்ல பசுக்களுக்குப் பால் இனத்து ஊசி, மற்றவற்றுக்கு ஆங்கஸ் அல்லது ஹியர்ஃபோர்ட் ஊசி. ஜேர்சிக் கலப்புப் பசுவுக்கு ஆங்கஸ் ஊசி போட்டால் சிறிய கன்று, சுகப் பிரசவம், கொம்பில்லாத அடக்கமான உடம்பு. ஷரோலே போன்ற பெரிய இறைச்சி இனத்து ஊசியைச் சிறிய பசுவுக்குப் போடவே கூடாது. கன்று குறுக்கே சிக்கித் தாயும் போகும்.

25 கிலோவில் பிறந்த கன்று இரண்டு வருஷத்தில் 300 கிலோ ஆக நாளொன்றுக்கு 380 கிராம் எடை கூடினால் போதும். இளம் புல்லும் கொஞ்சம் அகத்தி, கிளிரிசிடியாத் தழையும் இருந்தால் கலப்புக் கன்றுக்கு இது எட்டாத கனவில்லை. தூய ஜேர்சியின் கொழுப்பு மஞ்சளாக இருக்கும், அதனால் சில சந்தைகளில் விலை குறையும். கலப்பில் அது தணியும். வளர்த்து விற்பதா, எருவுக்கு வைத்திருப்பதா, வண்டிக்குப் பழக்குவதா என்பது அந்தந்த வீட்டின் மனச்சாட்சி. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது ஒரு மூட்டைச் சாணி எவ்வளவு பெறுமதி என்பதை இந்த மலைகள் கண்டுகொண்டன. வளர்க்கத் தகுந்த கன்று பிறந்தால்தான் இந்தத் தெரிவுகளே உண்டாகும்.

நிலம் இல்லாதவரின் மாடு

எல்லாவற்றுக்கும் அடியில் நிலம் இருக்கிறது. தேயிலை மலையில் மாடு மேய விட முடியாது. விட்டால் தோட்ட நிர்வாகம் பிடித்துக் கட்டும். புதிய வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது சில பேர்ச் நிலம்தான். அதில் வீடு, அடுப்படி, கழிப்பறை போக மாட்டுப்பட்டிக்கே இடமில்லை, புல்லுக்கு எங்கே? களைநாசினி அடித்த மலையோரத்தில் தெரியாமல் புல்லறுத்து, மாடு நோயில் விழுந்த வீடுகள் உண்டு. அதே தோட்டங்களில் தேயிலை பட்டுப்போய்க் காடு மண்டிய மலைகள் ஏக்கர் கணக்கில் கிடக்கின்றன. அவற்றில் சில ஏக்கரைப் புல் வளர்க்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு எழுத்து மூலம் குத்தகைக்குக் கொடுத்தால் கம்பனிக்கு நட்டமில்லை. சாணி திரும்பத் தேயிலைக்கே வரும். தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சுவார்த்தையோடு இதையும் மேசையில் வைக்க வேண்டும்.

கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்திடமும் ஒரு வேண்டுகோள். மலையக மிருக வைத்திய அலுவலகங்களில் பிரீசியன் ஊசி மட்டும் தாராளமாகவும் மற்றவை அரிதாகவும் இருக்கக் கூடாது. அயர்ஷயர், ஜேர்சி, ஆங்கஸ் விந்து என்றும் கையிருப்பில் இருக்க வேண்டும். எந்தப் பசுவுக்கு எந்தக் காளையின் ஊசி போடப்பட்டது என்பதைத் தமிழில் எழுதிய அட்டையில் குறித்து மாட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். பொன்ஸ்மா செய்ததும் மூணாறு மாட்டுப்பட்டியில் நடந்ததும் குறிப்பு எழுதிவைத்ததால்தான் முடிந்தன.

மாடு வைத்திருக்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை உங்கள் பசு பருவத்துக்கு வந்து, ஊசி போட ஆள் வரும்போது, பெட்டியைத் திறக்குமுன் கேளுங்கள்: இது என்ன இனம், அந்தக் காளையின் மகள்கள் முழு வளர்ச்சியில் எத்தனை கிலோ வருவார்கள்? 400 கிலோவுக்கு மேல் என்றால், உங்கள் வீட்டில் நாளொன்றுக்கு எத்தனை சுமை புல் வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.